யாருடைய மூக்கு?

ஏழாம் வகுப்பில் என்னை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்தார்கள். அதைத் தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த பையன் எழுந்து, "சார், இவன் மேல தோல் நாத்தம் அடிக்குது சார்" என்றான். வாத்தியார் நல்ல மனுசன். அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ போயி ஜன்னலாண்ட ஒக்காருப்பா, காத்து வரும்" என்றார். அந்த வருசம் முழுக்க எனக்குக் காற்று வந்தது. ஐப்பசியில் சாரலும் வந்தது.

எங்கள் சேரி பாலாற்றுப் பக்கம், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கிறது. நைனாவுக்குத் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. உப்புப் போட்டு வருகிற பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டியில் போட்டால் மயிர் கழன்றுவிடும். அதைப் புரட்டுவதும் இழுத்து வெளியே போடுவதும் அவர் வேலை. நகமெல்லாம் அரித்துப்போய், உள்ளங்கை வெடித்துக் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் கொல்லைப் பக்கம் போய், புளியைக் கரைத்துக் கையைத் தேய்த்துக் கழுவுவார். பிறகுதான் எங்களைத் தொடுவார். ராத்திரி அவர் பக்கத்தில்தான் நாங்கள் நாலு பேரும் படுத்துத் தூங்கினோம்.

அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. என் சட்டையில் அந்த வாசம் இருந்திருக்கும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அவன் சொல்லும்வரை எங்கள் வீட்டுக்கு ஒரு வாசம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் நைனாவின் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மோந்தேன். அவனுக்கு அடித்த நாற்றம் எனக்கு ஏன் அடிக்கவில்லை? நாற்பது வருசமாக இந்தக் கேள்வி என்னோடு வருகிறது. அத்தர் பற்றி எழுத உட்கார்ந்தவன் இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1988இல் கல்லூரிப் படிப்புக்குச் சென்னை வந்தேன். விடுதியில் எனக்கு எப்போதும் ஒரே பயம். பக்கத்துக் கட்டில்காரன் மூக்கை உறிஞ்சினால்கூட என்னைத்தான் சொல்கிறானோ என்று இருக்கும். அவனுக்கு ஜலதோசமாக இருந்திருக்கலாம். தினம் ரெண்டு வேளை சோப்புப் போட்டுக் குளித்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த துணியையெல்லாம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். பெரியமேட்டுப் பக்கம் போகவே மாட்டேன், அங்கே தோல் மண்டிகள் இருந்தன. முதல் தடவை ஸ்காலர்ஷிப் பணம் கையில் வந்தபோது, புத்தகம் வாங்கவில்லை. திருவல்லிக்கேணியில், வாலாஜா மசூதிப் பக்கம் ஒரு சந்தில் இருந்த சின்ன அத்தர்க் கடைக்குப் போனேன்.

வாங்கியது ரொம்ப மலிவான, இனிப்பு தூக்கலான ஓர் அத்தர். அளவு தெரியாமல் கழுத்தில், அக்குளில், சட்டையில் எல்லாம் பூசிக்கொண்டு விடுதிக்கு வந்தேன். "என்னடா, பாய் மாதிரி மணக்கிற?" என்று ஒருவன் கேட்டான். அறை முழுக்கச் சிரித்தது. ஒன்றை மூடப் போனால் இன்னொன்றை ஒட்டுகிறார்கள். எது இல்லாமல் இருந்தால் இவர்கள் கேட்க மாட்டார்கள் என்று யோசித்தேன். அவர்களுக்கு மட்டும் எப்படி எந்த வாசமும் இல்லை?

பதில் அந்தக் கடைக்காரரிடமிருந்துதான் வந்தது. ஆனால் அதைப் பதில் என்று புரிந்துகொள்ள எனக்குப் பல வருசம் பிடித்தது.

அடுத்த முறை போனபோது பாய் என்னைப் பார்த்தே விசயத்தைப் புரிந்துகொண்டார். "ஊத்திக்கக் கூடாது தம்பி. கைய நீட்டு" என்று சொல்லி, கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். "தேய்க்காதே. சும்மா வுடு. அது மெதுவாத்தான் பேசும்." ஒரு கோடு மல்லி, ஒரு கோடு வெட்டிவேர், ஒரு கோடு மருதோன்றி. நாலாவதுக்கு வந்தபோது எனக்கு எதுவும் தெரியாமல் போனது. எல்லாம் ஒரே எண்ணெயாக இருந்தது. "மூக்கு கலங்கிடிச்சா? உன் முழங்கை மடிப்ப மோந்து பாரு" என்றார். மோந்தேன்.

"இன்னா வாசன அடிக்குது?"

"ஒண்ணுமில்ல பாய்."

"அதான் வேணும். அவனவன் மூக்குக்கு அவனவன் ஒடம்பு சைபரு. சைபருக்கு வந்துட்டா மறுபடி மொதல்லருந்து எண்ணலாம்."

வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். தந்திரம் இல்லை, மூக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. எப்போதும் கூடவே இருக்கிற வாசத்தை அது கொஞ்ச நேரத்தில் சொல்வதை நிறுத்திவிடும். புதிதாக வருவதை மட்டும் சொல்லும். தோல்ஷாப்பில் இருப்பவருக்குத் தோல் மணக்காது. சாம்பிராணி போடுகிற வீட்டுக்காரருக்குச் சாம்பிராணி மணக்காது. நைனாவின் சட்டை எனக்கு ஏன் மணக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. எல்லா மூக்கும் தன் உடம்பை, தன் வீட்டைச் சைபராக வைத்துத்தான் அடுத்தவரை அளக்கிறது. இதில் மனிதர்கள் எல்லோரும் சமம். இயற்கை இங்கே யாருக்கும் சலுகை காட்டவில்லை.

அப்படியானால் ஏற்றத்தாழ்வு எங்கே வந்தது? சாதி வேறொன்றும் செய்யவில்லை. தன்னுடைய சைபரை எல்லோருக்கும் சைபர் என்று அறிவித்துவிட்டது. நெய்யும் விபூதியும் காப்பியும் மணக்கிற வீடு 'சுத்தமான' வீடு. கருவாடும் மாட்டுக்கறியும் வேகிற வீடு 'வாடை' அடிக்கிற வீடு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நான்வெஜ் சமைப்பீங்களா? வாடை எங்களுக்கு ஒத்துக்காது" என்கிறார்கள். அதே வீட்டில் பெருங்காயம் தாளிப்பார்கள். பெருங்காயத்துக்கு அந்தக் காட்டத்தைக் கொடுப்பது கந்தகம் கலந்த பொருள்கள்தான். ஜெர்மன் மொழியில் அதற்குப் பழைய பெயர், சாத்தானின் மலம். அந்த ஊர்க்காரன் சைபரில் நின்று பார்த்தால் அக்கிரகாரமே நாறும். ஆனால் அந்த மூக்கு இங்கே வீடு வாடகைக்கு விடுவதில்லை.

அந்தக் கடைக்கு நான் முப்பது வருசத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தேன். முதலில் பயத்தால் போனேன், பிறகு ஆசையால் போனேன். ஒவ்வொரு அத்தரும் எனக்கு என்ன சொன்னது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மல்லி. பாட்டிலைத் திறந்ததும் வருவது பூ இல்லை. அதற்கு அடியில் ஏதோ அழுகலும் உடம்பும் கலந்த ஒரு கனம் இருக்கிறது. பூ வாடுகிற ராத்திரியில் தலையணையில் வருமே, அந்த வாசம். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன், மல்லிகையில் இண்டோல் என்று ஒரு பொருள் இருக்கிறது. மனித மலத்திலும் அதே இண்டோல்தான். கொஞ்சமாக இருந்தால் பூ, கூடிவிட்டால் பீ. கவிஞர்கள் மல்லிகையைப் பாடும்போது எதைப் பாடினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

புனுகு. பாய் ஒரு முறை குப்பியின் மூடியை மட்டும் காட்டினார். குமட்டியது. அது புனுகுப் பூனையின் பின்பக்கத்துச் சுரப்பியிலிருந்து எடுப்பது. திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிசேகம் முடிந்ததும் மூலவருக்குச் சாத்துகிற தைலம் புனுகுதான். கஸ்தூரியும் அப்படித்தான், ஆண் மானின் குறிக்குப் பக்கத்தில் இருக்கிற பையிலிருந்து எடுத்தது. இப்போது சட்டப்படி அதை விற்க முடியாது, கடையில் கிடைப்பது ரசாயனக் கஸ்தூரி. கழிவுப் பாதையை ஒட்டிச் சுரப்பது கருவறைக்குள் போகலாம். கழிவை அள்ளுகிறவர் கோயில் வாசலுக்குள் போக எத்தனை போராட்டம் நடந்தது, எத்தனை ஊரில் இன்னும் நடக்கிறது.

மிட்டி. கன்னோசியில் செய்கிற அத்தர் இது. உத்தரப்பிரதேசத்தில் இருக்கிற அந்த ஊர்தான் இந்தியாவின் அத்தர் ஊர். சுட்ட களிமண் துண்டுகளைச் செப்பு அண்டாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, மூடியைச் சுற்றிக் களிமண் பூசி அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்திருக்கிற செப்புப் பாத்திரத்தில் சந்தன எண்ணெயோடு சேரும். முதல் மழை காய்ந்த மண்ணில் விழுந்தால் வருகிற வாசம் அப்படியே வரும். 1964இல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்கிற இரண்டு விஞ்ஞானிகள் அந்த வாசத்துக்குப் பெட்ரிக்கோர் என்று பேர் வைத்தபோது, இந்த அத்தரையும் குறிப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊரில் இதற்கு மண்வாசனை என்று பேர், அந்தப் பேரில் இலக்கியமே இருக்கிறது. எனக்கு அந்த அத்தர் பிடித்தது. ஆனால் அது எங்கள் மண்ணின் வாசனை இல்லை. எங்கள் பக்கம் மழை வந்தால் தோல்ஷாப்புக் கழிவை ஆற்றில் திறந்து விடுவார்கள். முதல் மழைக்கு ஆறு நுரைத்துக்கொண்டு வரும். பாலாற்றுப் பக்கத்துத் தோல் கழிவு பற்றி உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்னாலேயே எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது. மண்வாசனை என்று யாராவது சொன்னால், எந்தத் தெரு மண் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஊது. அகில் மரத்தை ஒருவிதப் பூஞ்சை தாக்கினால் மரம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கும். சீக்கு வந்த அந்தக் கட்டையிலிருந்து எடுக்கிற எண்ணெய் இது. நோய் வராத மரம் வெறும் விறகு. பாய் அசாம் ஊது ஒரு துளி தொட்டு வைத்துவிட்டு, அரை மணி கழித்து மோந்து பார்க்கச் சொன்னார். மோந்தேன். கை நடுங்கியது. மாட்டுக் கொட்டாய், ஈரம், தோல். ஏழாம் வகுப்பில் நைனா சட்டையில் நான் தேடித் தேடிக் கிடைக்காமல் போன வாசம் இப்போது என் கையில் இருந்தது. ஊரை விட்டு வந்து இத்தனை வருசம் ஆனதால் என் சைபர் மாறிவிட்டது போலிருக்கிறது. ஒரு தோலா, அதாவது பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, பாய் சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் இருந்தது. பெரிய பணக்காரர்கள் வாங்குகிறார்கள் என்றார்.

அந்தக் கையைக் கழுவாமல் அன்று ராத்திரியே பஸ் ஏறி ஊருக்குப் போனேன். நைனாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருந்தது, வேலையை விட்டுப் பல வருசம் ஆகியிருந்தது. கையை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா, ஷாப்புல சேந்துட்டியா? பச்சத் தோலு வாசம்டா இது."

விலையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. பிறகு, "அப்போ நான் அறுபது வருசம் வரைக்கும் தெனிக்கும் எத்தினி ரூவாக்கி பூசிக்கினு வந்துக்கிறேன் பாரு" என்றார்.

அத்தரைப் பற்றி நான் கற்றுக்கொண்ட கடைசிச் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். வடித்தெடுத்த அத்தரில் தண்ணீர்ப் பசை மிச்சம் இருக்கும். அது போனால்தான் அத்தர் கெடாமல் நிற்கும். அதற்காகக் கன்னோசியில் பரம்பரையாக அத்தரைத் தோல் குப்பியில் ஊற்றி வைப்பார்கள். தோல் வழியாக ஈரம் கசிந்து காற்றில் போய்விடும், வாசனை உள்ளே தங்கிவிடும். கண்ணாடிக்கும் செம்புக்கும் இந்த வேலை தெரியாது. "குப்பி நல்லா இல்லன்னா அத்தர் நல்லா இருக்காது" என்றார் பாய். அந்தத் தோலை உரித்தவர் யார், பதம் போட்டவர் யார், தைத்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. வடக்கிலும் தோல் வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். பிரான்சு நாட்டில் கிராஸ் என்கிற ஊர் இன்றைக்கு வாசனைத் திரவியத்துக்கு உலகப் புகழ் பெற்றது. அது முதலில் தோல் பதனிடுகிற ஊராகத்தான் இருந்தது. தோல் கையுறையின் வாடையை மறைக்கத்தான் அங்கே வாசனை பூச ஆரம்பித்தார்கள். அங்கே தோல்காரர்களின் தொழிலிலிருந்தே வாசனைக்காரர்கள் வந்தார்கள். இங்கே தோல்காரர் மகன் ஜன்னலோரம் போனான்.

இனி கேள்விக்கு வருகிறேன். அருவருப்பு என்பது உடம்பின் இயற்கை, அதற்கு ஒருவரைக் குற்றம் சொல்ல முடியுமா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். "நான் சாதி பாக்கறதில்ல, ஆனா அந்த வாடை தாங்கல" என்கிறார்கள். தீண்டாமைக்கு எதிராக 1955இல் சட்டம் வந்தது, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. கிணற்றில் தடுத்தால் வழக்குப் போடலாம், தனி டம்ளர் வைத்தால் வழக்குப் போடலாம். மூக்கைச் சுளித்தால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? கையும் காலும் வாயும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டன. மூக்கு மட்டும் வெளியே நின்று, நான் உடம்பின் ஓர் உறுப்புதானே என்கிறது.

மூக்கு அப்பாவி இல்லை என்பதற்கு மகத் ஒன்று போதும். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் மகத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று சாதி இந்துக்கள் பிறகு 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். பஞ்சகவ்யத்தில் பாலும் தயிரும் நெய்யும் மட்டும் இல்லை, சாணமும் மூத்திரமும் இருக்கிறது. சாணமும் மூத்திரமும் கலந்த குளம் அந்த மூக்குக்கு நாறவில்லை. மனிதன் கை பட்ட தண்ணீர்தான் நாறியது. அருவருப்பு உடம்பிலிருந்து வருகிறது என்றால் இது எப்படி நடந்தது? மூக்கு பிறந்தபோது எதுவும் தெரியாமல்தான் பிறக்கிறது. கைக்குழந்தை தன் மலத்தைக் கையில் எடுத்து விளையாடும். எதற்குச் சுளிக்க வேண்டும், எதற்குக் கைகூப்ப வேண்டும் என்று வீடும் தெருவும் சொல்லிக் கொடுக்கின்றன. சொல்லிக் கொடுத்தது என்றால் மாற்றிச் சொல்லிக் கொடுக்கலாம். மாற்ற முடிகிற ஒன்றை மாற்றாமல் வைத்திருப்பவர் அதற்குப் பொறுப்பாளிதான்.

நம் மொழியே இதற்குச் சாட்சி. பழைய தமிழில் நாற்றம் என்றால் வாசனை. பூ நாறியது என்று எழுதினார்கள். ஆண்டாள் பாட்டில் நாறுவது என்றால் மணப்பதுதான். அந்தச் சொல் எப்போதோ கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கு அதை ஒரு மனிதனைப் பார்த்துச் சொன்னால் அடிதடிதான்.

இந்த இடத்தில் நம் பக்கத்துத் தவறு ஒன்றையும் பேச வேண்டும். தொண்ணூறுகளில் நம்மில் பலர், நாற்றமே எங்கள் அடையாளம், நாற்றமே எங்கள் அழகியல் என்று எழுதினோம். 'எங்கள் எழுத்து நாறத்தான் செய்யும்' என்று ஆதிக்க சாதி விமர்சகர்கள் முகத்தில் வீசினோம். அது தேவையான கலகம். நானும் தோல்ஷாப்பின் வாசத்தைப் போற்றி ஒரு கவிதை எழுதினேன். அதை நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது. ஒரு நாளு அந்தத் தொட்டியில எறங்கிட்டு வந்து எழுது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கவிதையை நான் எங்கும் படிக்கவில்லை.

ஏனென்றால் அந்த வாசம் நைனாவுடையது இல்லை. அது ஷாப்புடையது. சல்பைடுத் தொட்டியில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். பாதாளச் சாக்கடைக்குள் தேங்குவதும் அதே வாயு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாசம் வரும். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும், வாசமே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து உள்ளே நிற்பவர் இன்னும் கூடினால் விழுந்து சாகிறார். 2015 சனவரி 31 விடியலில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். மனிதனை மலம் அள்ள வைப்பதை 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். சாக்கடையில் செத்தால் 10 லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பிணத்துக்கு விலை ஏறுகிறது, இறக்குவது நிற்கவில்லை. இந்த வாசத்தை அழகியல் என்று எப்படிப் போற்றுவது? நாற்றம் மனிதனுடைய குணம் என்று அவர்கள் சொன்னார்கள். அதையே திருப்பிப் பெருமையாகச் சொன்னபோது நாமும் அதைத்தான் ஒத்துக்கொண்டோம். நாற்றம் வேலையினுடையது. வேலையை மாற்ற வேண்டும். மாற்றும்வரை, வேலை முடிந்து வருகிறவருக்குக் குளிக்கத் தண்ணீர் வேண்டும்.

கடைசியாக என் மேல் இருக்கிற குற்றத்தைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூட வாத்தியார். சில வருசத்துக்கு முன்னால், ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "சார், இவ பக்கத்துல நாறுது சார்" என்றான். அந்தப் பிள்ளையின் அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. நான் கரும்பலகையிலிருந்து திரும்பாமலே சொன்னேன், "நீ ஜன்னல் பக்கம் போய் உக்காரும்மா, காத்து வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனது. என் மணிக்கட்டில் அன்றைக்கு வெட்டிவேர் அத்தர் இருந்தது. எனக்குப் பிடித்த அத்தர், நனைந்த வேரும் பச்சைப் புல்லும் கலந்தது. ஏழாம் வகுப்பில் என் வாத்தியாரை நல்ல மனுசன் என்று மேலே எழுதினேன். நானும் நல்ல மனுசன்தான். சாதி பெரும்பாலும் நல்ல மனுசர்கள் வாயால்தான் பேசுகிறது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை நான் மேடையில் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். ஒரு படி ஏறியதும் கீழ்ப்படியைப் பார்த்து என் மூக்கே சுளித்தது. நாற்பது வருசத்தில் என் சைபர் இடம் மாறி, அவர்களின் சைபருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். வரிசை வீடுகள், மொத்தத் தெருவுக்கும் ஒரு குழாய், அதில் அஞ்சு நாளைக்கு ஒரு முறை தண்ணீர். அந்தம்மா வேலை முடிந்து வந்து, குடிக்கவும் சமைக்கவும் வைத்தது போக மிஞ்சுகிற தண்ணீரில் கால் கை கழுவிக்கொள்கிறார். பிள்ளைக்கு ஸ்கூல் துணி ஒரே ஒரு ஜோடி. அத்தரில் செலவழித்த என் முப்பது வருசமும் அந்தக் குழாயடியில் நின்றபோது எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. மனுப் போட்டோம், சங்கத்தோடு போய் உட்கார்ந்தோம். இன்னொரு குழாய் வர ஒன்றரை வருசம் ஆனது.

வகுப்பில் ஒரு காரியம் செய்தேன். பிள்ளைகள் எல்லோரையும் அவரவர் முழங்கை மடிப்பை மோந்து பார்க்கச் சொன்னேன். என்ன வாசம் என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்ல சார்" என்று கத்தினார்கள். ஜன்னலோரத்துப் பிள்ளையும் அதையேதான் சொன்னது. பாய் சொன்ன சைபர் கதையைச் சொன்னேன். பிறகு அத்தர் பாட்டிலையும் குச்சியையும் கொடுத்து அனுப்பினேன். ஆளுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்தவரிடம் கொடுத்தார்கள். அன்றைக்கே இட வரிசையையும் மாற்றினேன், வாரத்துக்கு ஒரு வரிசை ஜன்னலோரம். புகார் சொன்ன பையன் முதல் வாரம் அங்கே உட்கார்ந்து, காத்து நல்லா வருது சார் என்றான். இதனால் சாதி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை என்னை மன்னித்ததா என்பதும் தெரியாது. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அத்தர் இப்போதும் போடுகிறேன். இது ஒளிந்துகொள்வதா என்று ஒரு தோழர் கேட்டார். 1988இல் ஒளிந்துகொள்ளத்தான் போட்டேன். இப்போது சித்திரை வெயிலில் வெட்டிவேர் மணந்தால் சுகமாக இருக்கிறது என்று போடுகிறேன். நம் உடம்புக்குச் சுகம் கேட்கிற உரிமையும் நாம் போராடிப் பெற வேண்டியதுதான். ஆனால் அத்தர் போட்ட அன்றைக்கு யார் பக்கத்தில் வந்தால் என் உடம்பு நகர்கிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். மூக்கைத் திருத்துவது ஒரு நாள் வேலை இல்லை.

இதைப் படிக்கிற தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் கூட்டங்களுக்குத் துப்புரவுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து யாராவது வேலை முடிந்து நேராக வந்துவிடுவார், குளிக்க நேரம் இருந்திருக்காது. பெரும்பாலும் கடைசி வரிசையில், கதவுப் பக்கமாக உட்காருவார். அந்த இடத்தில் உட்காரும்படி அவரிடம் யாரும் சொன்னதில்லை. அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.